கோர்படியில் வாங்கிய கையெழுத்துகள்

உச்ச நீதிமன்றத்தில் எத்தனை நீதிபதிகள் இருக்க வேண்டும் என்பதைப் பற்றி நாற்பத்தாறு வயது வரை நான் ஒரு நிமிடம்கூட யோசித்ததில்லை. புனேயில், கேம்ப் பகுதியில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் பதினேழு வருடமாக வேலை பார்க்கிறேன். மனுக்களைத் தட்டச்சு செய்வது, கட்டுகளை அடுக்குவது, கட்சிக்காரர்களுக்குப் போன் செய்து வரச் சொல்வது. எங்கள் வழக்குகளில் முக்கால்வாசி சிவாஜிநகர் கோர்ட்டோடு முடிந்துவிடும். மீதி மும்பைக்குப் போகும். டெல்லி வரை போனது இரண்டோ மூன்றோதான்.

அலுவலகத்தை நடத்துபவரை நான் மேடம் என்றுதான் கூப்பிடுவேன். மராத்திக்காரர். அறுபதை நெருங்கிக்கொண்டிருந்தார். ஏழைக் கட்சிக்காரர்களை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டுத்தான் தான் உட்காருவார். அவர் மேல் எனக்கு இருந்த மரியாதையில் இன்றும் குறைவில்லை. அதனால்தான் நடந்ததற்கு அவரைக் காரணம் சொல்ல மனம் வரவில்லை.

அந்த வருடம் சனிக்கிழமைதோறும் சாயங்காலம் எங்கள் அலுவலகத்தில் ஏழெட்டுப் பேர் கூடத் தொடங்கினார்கள். எல்லோரும் வழக்கறிஞர்கள், சட்டக் கல்லூரியில் பாடம் நடத்தி ஓய்வுபெற்ற ஒருவரைத் தவிர. நான் டீயும் காரி பிஸ்கட்டும் வாங்கிவந்து கொடுத்துவிட்டு, என் மேசையில் உட்கார்ந்து அவர்கள் சொல்வதைக் குறிப்பெடுப்பேன். மூன்றாவது வாரம்தான் அவர்கள் எதைப் பற்றிப் பேசுகிறார்கள் என்பது எனக்கு முழுதாகப் புரிந்தது.

அரசியலமைப்புச் சட்டம் எழுதியபோது தலைமை நீதிபதியோடு சேர்த்து எட்டுப் பேர். அதற்குமேல் வேண்டுமென்றால் நாடாளுமன்றம் ஒரு சாதாரணச் சட்டம் போட்டுக் கூட்டிக்கொள்ளலாம் என்று அதிலேயே இருக்கிறது. அப்படித்தான் பலமுறை கூட்டினார்கள். வழக்குகள் பெருகிவிட்டன என்பதுதான் ஒவ்வொரு முறையும் சொன்ன காரணம். ஆனால் நாளைக்கு ஏதோ ஒரு அரசு, தனக்கு எதிராகத் தீர்ப்பு வந்துவிடும் என்று பயந்து, ஒரே நாளில் இன்னும் இருபது இடங்களை உண்டாக்கித் தனக்கு வேண்டியவர்களை உட்கார வைக்கப் பார்த்தால்? சபையில் பாதிக்கு மேல் ஒருவர் கூடுதலாக இருந்தாலே அந்த இடங்கள் உண்டாகிவிடும். அதனால் எண்ணிக்கையை அரசியலமைப்பிலேயே எழுதிவிட வேண்டும் என்பது மேடம் குழுவின் கோரிக்கை. மாற்ற வேண்டுமென்றால் மூன்றில் இரண்டு பங்கு ஓட்டும், பாதி மாநிலங்களின் ஒப்புதலும் வேண்டியிருக்கும்.

எனக்கு அது சட்டென்று மனதில் தைத்தது. நாங்கள் குடியிருப்பது கோந்த்வாவில், எண்பது வீடுகள் உள்ள ஒரு அடுக்குமாடி சொசைட்டியில். முந்தைய வருடம்தான் எங்கள் சேர்மன், ஒன்பது பேர் கமிட்டியில் தன்னை எதிர்ப்பவர்கள் ஐந்து பேராகிவிட்டார்கள் என்று தெரிந்ததும், பொதுக்குழுவைக் கூட்டிக் கமிட்டியின் அளவையே கூட்டினார். புதிதாக வந்த நான்கு பேரும் அவருடைய ஆட்கள். அதற்குப் பிறகு தண்ணீர் டாங்கர் முதல் வாட்ச்மேன் வரை எதைக் கேட்டாலும், ஓட்டுக்கு விடலாமா என்று சிரித்துக்கொண்டே கேட்பார். எதிர்த்த ஐவரில் என் கணவரும் ஒருவர். அதனால் மேடம் பேசியபோது, டெல்லியைப் பற்றிப் பேசுவதாகவே எனக்குத் தோன்றவில்லை.

குழு இங்கிலீஷில் ஒரு மனு தயாரித்தது. அது வெறும் வக்கீல்கள் கையெழுத்தோடு போனால் யாரும் மதிக்க மாட்டார்கள், சாதாரண மக்களும் போட வேண்டும் என்றார் அந்த ஓய்வுபெற்ற பேராசிரியர். மராத்தியில் ஒன்று, இந்தியில் ஒன்று எழுதினார்கள். மேடம் என் பக்கம் திரும்பி, கோர்படியில் உன் ஆட்கள் இருக்கிறார்களே, தமிழில் எழுத வருமா என்று கேட்டார்.

எனக்குத் தமிழ் எழுத வரும். கோர்படியில் ரயில்வே லைனை ஒட்டிய வரிசை வீடுகளில்தான் பிறந்து வளர்ந்தேன். அப்பா பாதுகாப்புத் தளவாடங்கள் செய்யும் ஒரு அரசுத் தொழிற்சாலையில் டர்னர். என் வயதுப் பிள்ளைகள் தமிழ் பேசுவதோடு நிறுத்திக்கொண்டார்கள். குடியாத்தத்திலிருந்து மாமா எழுதும் கடிதங்களைப் படித்துக்காட்ட வீட்டில் ஒருவர் வேண்டும் என்று அம்மா எனக்கு எழுத்தைச் சொல்லிக்கொடுத்தாள். அந்த மனுவை இரண்டு நாள் உட்கார்ந்து எழுதினேன். 'உச்ச நீதிமன்ற நீதிபதிகளின் எண்ணிக்கையை இப்போதுள்ள அளவிலேயே, அரசியலமைப்புச் சட்டத் திருத்தத்தின் மூலம் நிர்ணயிக்க வேண்டும்' என்று ஒரு வரி. அதைத் திரும்பத் திரும்பப் படித்துச் சந்தோஷப்பட்டுக்கொண்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கோர்படிக்குப் போனேன். போன பிறகுதான் தெரிந்தது, நான் எழுதிய தமிழைச் சரளமாகப் படிக்க அங்கே அநேகமாக ஆள் இல்லை என்று. முதல் வீட்டில் எல்லாவற்றையும் விளக்கமாகச் சொன்னேன். அந்த வீட்டு அம்மா அடுப்பைப் பார்த்துக்கொண்டே கேட்டார். கால்மணி நேரம் கழித்து, எங்க ஊட்டுக்காரரு வந்ததும் வாம்மா என்றுவிட்டார். இரண்டாவது வீட்டில் பாதியாகக் குறைத்தேன். மூன்றாவது வீட்டில், சுப்ரீம் கோர்ட்டில் ஜட்ஜுங்க நம்பரை ஃபிக்ஸ் பண்ணச் சொல்லிக் கேட்கிறோம் என்று ஒரே வாக்கியம்தான். கையெழுத்து உடனே கிடைத்தது.

நான்காவது வீடு சித்தப்பா வீடு. சொந்தச் சித்தப்பா இல்லை. அப்பாவோடு வேலை பார்த்த ஃபிட்டர். அப்பா இறந்தபோது எங்கள் வீட்டு வாசலில் மூன்று நாள் நின்றவர். அவருடைய வழக்கு அந்த வரிசையில் எல்லோருக்கும் தெரியும். இருபது வருடத்துக்கு முன்பு ஓர் இயந்திரத்தில் ஒருவருக்கு இரண்டு விரல்கள் போய்விட்டன. இயந்திரத்தின் காப்புத் தகட்டைக் கழற்றி வைத்தது யார் என்று விசாரணை நடந்தது. மேலாளர் ஒருவர் இங்கிலீஷில் எழுதிய காகிதத்தை நீட்டி, நீ அங்கே இருந்தாய் என்று மட்டும்தான் இதில் இருக்கிறது என்று சொல்லிக் கையெழுத்து வாங்கினார். கழற்றியது சித்தப்பாதான் என்று அதில் எழுதியிருந்தது. சித்தப்பாவுக்கு வேலை போயிற்று. தீர்ப்பாயத்தில் ஜெயித்தார், ஹைகோர்ட்டில் ஜெயித்தார். எதிர்த்தரப்பு டெல்லிக்கு மேல்முறையீடு போனது. அங்கே ஒன்பது வருடமாக நின்றது. இதற்கிடையில் ஹடப்சரில் ஒரு தனியார் பட்டறையில் வேலை செய்து, மகளைப் படிக்க வைத்துவிட்டார். அவருக்கு வேலை திரும்ப வேண்டியதில்லை. அவருக்கு அறுபத்தெட்டு வயது. தகட்டைக் கழற்றியது தான் இல்லை என்று கடைசிக் கோர்ட்டும் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

"வாம்மா, இன்னா காலையிலேயே?" என்று நாற்காலியை இழுத்துப் போட்டார். சித்தி உள்ளேயிருந்து டீ கொண்டுவந்தாள். நான் அந்த ஒரு வாக்கியத்தைச் சொன்னேன்.

அவர் முகம் மாறியது. "ஜட்ஜு பத்தலன்னுதான் நம்ம கேஸு நிக்குதுன்னு டெல்லி வகீல் சொல்லிக்கினே கீறாரு. ஒவ்வொரு வாய்தா தாரீக்குக்கும் அதான் சொல்றாரு. இதுல சஹி போட்டா ஜட்ஜுங்கள ஃபிக்ஸ் பண்ணிடுவாங்களா?"

ஃபிட்டர் வேலை பார்த்தவருக்கு ஃபிக்ஸ் என்றால் இல்லாததைக் கொண்டுவந்து மாட்டுவது. நான் சொன்னது இனிமேல் மாட்டக் கூடாது என்பது. அவர் கேட்ட அந்த நொடியிலேயே எனக்கு இது தெரிந்தது. பிறகு யோசித்தபோதுதான் புரிந்தது என்று பல நாள் எனக்கே சொல்லிப் பார்த்தேன்; அது பொய்.

"ஆமா சித்தப்பா" என்றேன்.

அவர் எழுந்து போய் கண்ணாடி எடுத்துவந்தார். அதற்கு முன் பனியனோடு இருந்தவர், சட்டையும் மாட்டிக்கொண்டார். தமிழில் ஒவ்வொரு எழுத்தாகக் கையெழுத்துப் போட்டார். அத்தோடு விடவில்லை. நீ தனியாக எங்கே அலைவாய் என்று என்னோடு கிளம்பினார். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் அவரே பேசினார். நம்ம கேஸுங்களுக்கு ஜட்ஜு போடச் சொல்லி டெல்லிக்குக் காகிதம் போகிறது, நம்ம பொண்ணுதான் எழுதியிருக்கிறது என்றார். ஒவ்வொரு வீட்டிலும் யாருக்காவது ஏதாவது ஒரு வழக்கு இருந்தது. நான் பக்கத்தில் நின்று காகிதத்தை நீட்டினேன். மதியத்துக்குள் முப்பத்தெட்டுக் கையெழுத்துகள்.

திங்கட்கிழமை மேடம் அந்தக் காகிதங்களைக் கையில் வைத்துக்கொண்டு வெகு நேரம் பார்த்தார். எந்த வக்கீலும் இவ்வளவு கொண்டுவரவில்லை என்று எல்லோரிடமும் சொன்னார். வழக்கு நிற்பதற்கு எண்ணிக்கை மட்டுமா காரணம், காலி இடங்களை நிரப்பாததும்தானே, நிரப்பினால் போதுமே என்று அந்த வாரம் முழுதும் எனக்குள் வாதாடினேன். அந்த வாதத்தில் உண்மையும் இருந்தது. ஆனால் அதை நான் சித்தப்பாவிடம் சொல்லவில்லையே.

ஒரு மாதம் கழித்து சித்தப்பாவின் மகள் போன் செய்தாள். ஐ.டி. கம்பெனியில் வேலை. தமிழ் தடுக்கித்தான் வரும். மனுவின் இங்கிலீஷ் வடிவத்தை யாரோ போனில் அனுப்பியிருக்கிறார்கள். அதில் கோர்படி மக்களும் ஆதரவு என்று ஒரு வரி இருந்திருக்கிறது.

"அக்கா, அப்பா கிட்ட இன்னா சொல்லி சைன் வாங்கினீங்க? இதோட மத்லப், அர்த்தம், ஜட்ஜுங்க ஜாஸ்தி வேணாம்னுதானே?"

தான் இன்னும் அப்பாவிடம் சொல்லவில்லை என்றாள். "நான் சொல்ல மாட்டேன். நீங்களே சொல்லுங்க" என்று வைத்துவிட்டாள்.

மறுநாள் மேடத்திடம் சொன்னேன். அவர் கேட்டது ஒரே கேள்விதான்: உன் சித்தப்பா கேட்டபோது உனக்குத் தெரியுமா? தெரியும் என்றேன். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். மனு ஏற்கெனவே போய்விட்டது, நகல்கள் எம்.பி.க்களுக்கும் போய்விட்டன. அந்தப் பக்கங்களைத் திரும்பப் பெறுவதாக ஒரு கடிதம் எழுதலாம் என்றார். எழுதினால் மற்ற கையெழுத்துகளையும் பொய் என்பார்கள் என்பதையும் சொன்னார். என்ன செய்யலாம் என்று அவர் சொல்லவில்லை. முதலில் அவர்களிடம் போ என்று மட்டும் சொன்னார்.

நான் உடனே போகவில்லை. ஒன்பது நாள் தள்ளினேன். மகளுக்குப் பரீட்சை, சொசைட்டியில் மீட்டிங், வயிற்று வலி என்று ஒவ்வொரு நாளும் ஒரு காரணம் கிடைத்தது. ராத்திரியில் என் கணவர் என்ன ஆச்சு என்று கேட்டார். சொன்னேன். நம் சேர்மன் செய்ததைவிட இது மோசம் என்று சொல்லிவிடுவாரோ என்று பயந்தேன். அவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டார்.

பத்தாம் நாள் அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு போனேன். சித்தப்பா பக்கத்து வீட்டு மிக்ஸியைப் பிரித்துப் போட்டுச் சரி செய்துகொண்டிருந்தார். சித்தி மேத்தி என்கிற வெந்தயக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் திருப்புளியைக் கீழே வைத்தார். அந்தக் காகிதம் இருக்கிறதா என்று கேட்டார். நகலைக் கொண்டுபோயிருந்தேன். முதலிலிருந்து படிக்கச் சொன்னார். படித்தேன். அந்த வரி வந்ததும் நிறுத்தச் சொல்லி, எங்கே எழுதியிருக்கிறது என்று கேட்டார். விரலை வைத்துக் காட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, எழுத்துக் கூட்டி, 'இப்போதுள்ள அளவிலேயே' என்று மெதுவாகப் படித்தார்.

"நான் அன்னிக்கு உன்ன கேட்டேன்."

"கேட்டீங்க சித்தப்பா."

"நீ ஆமான்ன."

"ஆமா."

"தெரிஞ்சேவா?"

"தெரிஞ்சேதான்."

சித்தி கீரைத் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். பிறகு நான் அங்கே இருந்தவரை வெளியே வரவில்லை.

நான் அந்த மனுவின் நியாயத்தைச் சொல்லத் தொடங்கினேன். ஒரு அரசு தன் ஆட்களை உட்கார வைத்தால் அவரைப் போன்றவர்களின் வழக்கு என்னவாகும், எதிர்த்தரப்பே அரசாங்கம்தானே என்றெல்லாம் சொன்னேன். முதல் நாள் சொல்லியிருக்க வேண்டியதெல்லாம் அன்றைக்குத் தங்குதடையில்லாமல் வந்தது. அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். இரண்டு கேள்விகள்கூடக் கேட்டார். எண்ணிக்கையைக் கூட்டாமல் வழக்குகளை எப்படி முடிப்பார்கள் என்பது ஒன்று. காலி இடங்களை உடனே நிரப்பினால் முடியலாம் என்றேன். அதையும் இந்தக் காகிதத்தில் எழுதியிருக்கிறதா என்பது இரண்டாவது. இல்லை என்றேன்.

"நீ சொல்றதும் நாயமாத்தான் கீது" என்றார். "நாயமான விசயத்துக்கு ஏம்மா பொய் சொல்லி வாங்கின?"

நேரம் ஆகிறது, வெயில் ஏறுகிறது, கையெழுத்து எளிதாகக் கிடைக்கிறது என்பவைதான் உண்மையான காரணங்கள். அவற்றை அவரிடம் சொல்லவில்லை.

அவர் தன் பெயரை எடுத்துவிடச் சொன்னார். மற்ற வீடுகளுக்கும் போய்ச் சொல்லிவிடுகிறேன் என்றேன். அன்று போல் கூட வருவார் என்று ஏதோ ஒரு மூலையில் எதிர்பார்த்தேன் போலிருக்கிறது. அவர் மிக்ஸியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, "நீங்க போய் சொல்லுங்க" என்றார். நாற்பத்தாறு வருடத்தில் அவர் என்னை நீங்க என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

அன்றும் அடுத்த இரண்டு நாட்களும் வீடு வீடாகப் போனேன். கையெழுத்துப் போட்டதே சிலருக்கு நினைவில்லை. இருக்கட்டும்மா, இதனால் என்ன ஆகப் போகிறது என்றார்கள் சிலர். ஒரு கிழவர் மட்டும் முழுக்கக் கேட்டுவிட்டு, காகிதத்தை வாங்கித் தானே தமிழில் படித்தும் பார்த்துவிட்டு, இது நல்ல யோசனைதான், என் பெயர் இருக்கட்டும் என்றார். தன் மருமகன் ஜாமீனுக்காகக் காத்திருப்பதைச் சொல்லி ஒரு பெண் அழுதாள்; நான்தான் அதைத் தள்ளிப்போட்டுவிட்டேன் என்று நினைத்துக்கொண்டாள். அப்படி இல்லை என்று புரிய வைக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. புரிந்ததா என்று எனக்கு இன்னும் சந்தேகம். இருபத்தோரு பேர் பெயரை எடுக்கச் சொன்னார்கள்.

மேடம் மறுவாரமே கடிதம் எழுதினார். கோர்படியில் வாங்கிய எல்லாப் பக்கங்களையும் திரும்பப் பெறுவதாக எழுதி, காரணத்தையும் ஒளிக்காமல் எழுதி, தானே கையெழுத்திட்டார். அந்தச் சனிக்கிழமைக் கூட்டத்தில் பேராசிரியர் மிகவும் கோபப்பட்டார். அந்த மாதிரி ஆட்களிடம் போனதே தப்பு, அவர்களுக்கு இதெல்லாம் புரியாது என்றார். நான் டீக் கோப்பைகளோடு நின்றுகொண்டிருந்தேன். சொல்லியிருந்தால் புரிந்திருக்கும் சார், நான்தான் சொல்லவில்லை என்றேன். அந்தக் கூட்டங்களில் நானாகப் பேசியது அதுவே முதல் தடவை. அதன் பிறகு கூட்டங்கள் குறைந்து, நின்றே போயின. மனுவுக்கு இரண்டு எம்.பி.க்களிடமிருந்து, பெற்றுக்கொண்டோம் என்று அச்சடித்த கடிதங்கள் வந்தன. அரசியலமைப்பில் எந்த எண்ணும் மாறவில்லை.

சித்தப்பாவின் வழக்கு அடுத்த குளிர்காலத்தில் விசாரணைக்கு வந்தது. கோர்ட்டு நடப்பதை வீடியோவில் பார்க்கலாம் என்பதால் அவரும் மகளும் வீட்டிலேயே லாப்டாப் முன்னால் உட்கார்ந்து பார்த்திருக்கிறார்கள். முதல் முறை அவர்கள் எண் வருவதற்குள் நீதிபதிகள் எழுந்துவிட்டார்கள். இரண்டாம் முறை எதிர்த்தரப்பு அவகாசம் கேட்டது. மூன்றாம் முறை, இரண்டு நீதிபதிகள், சில நிமிடங்களில் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தார்கள். அவர் மேல் குற்றம் இல்லை என்பது நிலைத்துவிட்டது. இந்தச் செய்தி எனக்கு அவர்களிடமிருந்து வரவில்லை. அதே வரிசையில் இருக்கும் என் பள்ளித் தோழி சொன்னாள்.

கேட்டவுடன் எனக்கு வந்த நிம்மதி அவருக்காக வந்தது மட்டும் இல்லை. நான் செய்ததால் அவருக்கு ஒரு கெடுதலும் வரவில்லை என்று ஆகிவிட்டதே என்ற நிம்மதி அதில் பாதி. அதைக் கவனித்தபோது எனக்கே என்னைப் பிடிக்கவில்லை.

பேடா வாங்கிக்கொண்டு போனேன். சித்தப்பா எழுந்து நின்று வாங்க என்றார். உட்காருங்க என்றார். சித்தி டீ கொடுத்தாள், டீ நன்றாக இருந்தது. தீர்ப்பின் நகல் சுவரோரமாக ஒரு பிளாஸ்டிக் உறையில் இருந்தது. மகள் முழுதும் படித்துச் சொன்னாளாம். பிறகு பட்டறை முதலாளியிடமும் கொடுத்துப் படிக்கச் சொன்னாராம், இரண்டு பேர் சொல்வதும் ஒன்றா என்று பார்ப்பதற்கு. சிரித்துக்கொண்டேதான் சொன்னார். என் கணவரையும் மகளையும் விசாரித்தார். அரை மணி நேரம் இருந்துவிட்டுக் கிளம்பினேன். வாசல் வரை வந்து வழியனுப்பினார். முன்பெல்லாம் இருந்த இடத்திலிருந்தே போயிட்டு வாம்மா என்பவர்.

போன மாதம் மேடம் மறுபடியும் அந்த மனுவை எடுத்திருக்கிறார். காலி இடங்களைக் குறிப்பிட்ட காலத்துக்குள் நிரப்ப வேண்டும் என்று ஒரு பத்தி சேர்த்திருக்கிறார். அது யார் கேட்ட கேள்வியிலிருந்து வந்தது என்று எனக்கும் அவருக்கும் தெரியும். எண்ணிக்கையை அரசியலமைப்பில் எழுத வேண்டும் என்பதில் இன்றும் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. தமிழில் எழுதித் தருகிறேன் என்றேன். கையெழுத்து வாங்க வேறு யாரையாவது அனுப்புங்கள் என்றேன். மேடம், கோர்படியில் தமிழ் படிக்கத் தெரிந்தவர்கள் யார் இருக்கிறார்கள் என்று கேட்டார். தன் பெயர் இருக்கட்டும் என்ற அந்தக் கிழவரைத் தவிர எனக்கு யாரையும் சொல்லத் தெரியவில்லை. எழுதி முடித்த தமிழ்க் காகிதம் இன்னும் என் மேசை டிராயரில்தான் இருக்கிறது.